சவரிமுத்துவின் காலிக் கல்லறை

1

போன இலையுதிர் காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் மனைவியின் கல்லறைக் கல்லில் மஞ்சள் காகிதம் ஒன்று ஒட்டியிருந்தது. கரண்டு பில் கட்டாத வீட்டுக் கதவில் நம் ஊரில் ஒட்டிவிட்டுப் போவார்களே, அதே மாதிரி. தவணை முடிகிறது, உறவினர்கள் நகராட்சி அலுவலகத்துக்கு வரவும் என்று எழுதியிருந்தது.

ஊரில் இருப்பவர்களுக்கு இது விளங்காது என்பதால் சொல்கிறேன். நான் இருக்கும் இத்தாலியச் சிற்றூரில், பொதுக் கல்லறைத் தோட்டத்தின் மண் பத்தாண்டுக்குத்தான் ஒருவருக்குச் சொந்தம். அதன்பின் தோண்டி, எலும்புகளைச் சிறு துத்தநாகப் பெட்டியில் போட்டு, சுவரில் உள்ள மாடக்குழிகளில் ஒன்றில் வைத்து மூடிவிடுவார்கள். கேட்க ஆள் வராவிட்டால் எல்லாரோடும் சேர்த்துப் பொதுக்குழி. லூர்துவை அடக்கம் செய்த அன்று இதற்கும் சேர்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன். அன்றைக்கு எதை நீட்டியிருந்தாலும் போட்டிருப்பேன்.

காகிதத்தைக் கிழிக்கவும் மனமில்லை, விடவும் மனமில்லை. நின்றுகொண்டே இருந்தேன். பக்கத்து வரிசையில் ஒரு கிழவர் தன் மனைவியின் கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கும் வந்துவிட்டதா?" என்றார், ஏதோ வயதானால் வரும் நோயைப் போல.

இந்தத் தோட்டத்தின் மதிலுக்கு அந்தப் பக்கம் இன்னொரு கல்லறைத் தோட்டம் இருக்கிறது. சின்னது. இரண்டாம் உலகப் போரில் செத்த சிப்பாய்களுடையது. ஒரே உயரத்தில் வெள்ளைக் கற்கள், ஒவ்வொன்றின் காலடியிலும் ஏதாவது பூச்செடி, வெட்டிச் சீர்செய்த புல். சுற்றிலும் திராட்சைத் தோட்டம். அங்கே யாருக்கும் தவணை கிடையாது. உலகம் உள்ளவரை அந்த மண் அவர்களுடையது. பத்தொன்பது வயதிலும் இருபது வயதிலும் செத்தவர்களுக்கு அந்த ஒரு சலுகை.

2

அந்தச் சிப்பாய்களின் தோட்டத்தை முதலில் கண்டுபிடித்தது லூர்துதான்.

எனக்கு முன்னால் அவள் இங்கே வந்துவிட்டாள். கன்னியாஸ்திரிகள் நடத்தும் முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலை. நான் மதுரை செல்லூரில் விசைத்தறி மெக்கானிக்காக இருந்தேன். எனக்கு விசா வர ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆனது. ஒரு நாள் போனில், "பயப்படாதீங்க, இங்க நம்மாளு ஒருத்தரு இருக்காரு" என்றாள். யார் என்று கேட்பதற்குள் கார்டு தீர்ந்து லைன் கட்டாகிவிட்டது. அடுத்த ஞாயிறு அவள் கூப்பிடும்வரை நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். தறிச் சத்தத்தில் முதலாளி கூப்பிடுவதுகூடக் காதில் விழவில்லை.

"செத்துப்போனவருங்க!" என்று அடுத்த வாரம் சிரித்தாள். "பட்டாளத்துக்காரரு. பேரு சவரிமுத்து. வயசு இருபத்திரெண்டு."

அந்தத் தோட்டத்தின் வடக்கு மூலையில் இந்தியர் கல்லறைகள் கொஞ்சம் இருக்கின்றன. சில கற்களில் இந்தி எழுத்து, சிலவற்றில் அரபி எழுத்து. ஒன்றில் மட்டும் சிலுவை. அதன்கீழ் ஆங்கிலத்தில் அவன் பெயர், எண், பாலம் போடும் படைப்பிரிவின் பெயர், வயது. வேலை முடிந்து பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் அவள் அங்கே போய் உட்காருவாள். அவளுக்கு அப்போது இத்தாலி மொழியில் "வலிக்கிறதா?", "திரும்பிப் படுங்கள்" இரண்டும்தான் தெரியும். நான் வந்து சேரும்வரை அவள் வாய்விட்டுத் தமிழ் பேசியது அந்தக் கல்லிடம்தான்.

பிறகு மகள் கயல் பிறந்தாள். நானும் ஒரு பழக்கிடங்கில் பீச்சுப் பழம் அடுக்கும் வேலையில் நிலைத்தேன். ஆனால் கல்லறைத் திருநாள் வந்தால் லூர்து மறக்காமல் ஒரு மெழுகுவர்த்தியும் சாமந்திக் கொத்தும் வாங்கிக்கொண்டு அங்கே போவாள். "அவுக வீட்ல யாராச்சும் இருப்பாங்கல்ல? இந்த மாதிரி இங்க இருக்காருன்னு ஒரு வார்த்தை சொல்லணும்" என்பாள். இணையத்தில் தேடியதில் அவன் தகப்பன் பெயர் கிடைத்தது. ஊர் 'வில்லேநட்டம், மதுரா' என்றிருந்தது. வெள்ளைக்காரன் காதில் விழுந்தபடி எழுதிய பெயர். வில்லாநத்தமா, வெள்ளனூரா என்று பல தடவை பேசியிருக்கிறோம். லீவுக்கு ஊர் போகும்போது தேடலாம் என்போம். போனால் ஆதார், பேங்க், பல் வைத்தியர் என்று லீவு முடிந்துவிடும்.

அவள் ரத்தப் புற்றுநோயில் போய்ச் சேர்ந்தாள். அடக்கத்துக்கு இல்லத்துக் கன்னியாஸ்திரிகளும் என் கிடங்கில் வேலை பார்க்கும் சிலரும் வந்தார்கள். மழை பெய்ததால் சீக்கிரம் போய்விட்டார்கள்.

3

மஞ்சள் காகிதத்தை எடுத்துக்கொண்டு நகராட்சி அலுவலகத்துக்குப் போனேன். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் ஒரு இளம்பெண்.

"என் மனைவியைக் காசாவுக்குக் கொண்டுபோக வேண்டும்" என்றேன்.

இத்தாலியர்கள் வீட்டுக்கும் காசா என்பார்கள், சொந்த ஊருக்கும் காசா என்பார்கள். அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்தாள். மிகவும் மென்மையாக, "ஐயா, எலும்புகளை வீட்டில் வைத்துக்கொள்ளச் சட்டம் அனுமதிக்காது" என்றாள்.

"அந்தக் காசா இல்லை" என்றேன். "என் காசா. இந்தியா."

அவள் முகம் தெளிந்தது. அதற்கு முத்திரைத்தாள், நம் தூதரகத்தின் ஒப்புதல், அங்கே அடக்கம் செய்ய இடம் இருக்கிறது என்பதற்குச் சான்று எல்லாம் வேண்டும் என்றாள். கடைசியாகச் சொன்னதுதான் என்னை உட்கார வைத்தது. எங்களுக்கு அங்கே இடம் எது?

நான் திருப்பரங்குன்றத்து விவசாயக் குடும்பத்துப் பையன், இந்து. அவள் மதுரை மிஷன் பள்ளி வாத்தியார் மகள், கிறிஸ்தவள். கல்யாணத்தோடு அவள் வீட்டில் அவளைத் தலைமுழுகிவிட்டார்கள். அவள் செத்த செய்தியைச் சொல்லக் கூப்பிட்டபோதுகூட அவள் தம்பி போனை எடுக்கவில்லை.

அன்று சாயங்காலம் கயலைக் கூப்பிட்டேன். மிலானோவில் ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறாள். அங்கே அவளைக் 'காயா' என்று கூப்பிடுகிறார்கள். எனக்கும் ஒருமுறை வாய் தவறி அப்படி வந்துவிட்டது.

"அம்மாவ எதுக்கு இந்தியா?" என்றாள். "செவுத்துல வைங்க. நான் இங்கதான இருக்கேன். வந்து பாப்பேன்."

"எப்பம்மா வருவ?"

அவள் தாயின் கல்லறைக்கு வந்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. நான் அதைக் குத்திக்காட்டக் கேட்கவில்லை. ஆனால் அவளுக்கு அப்படித்தான் பட்டிருக்கும்.

"வேலை இருக்கு அப்பா" என்று வைத்துவிட்டாள்.

4

தை மாதம் அண்ணன் மகள் கல்யாணத்துக்குத் திருப்பரங்குன்றம் போயிருந்தேன். கல்யாணச் சந்தடி அடங்கியதும் அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னேன். அண்ணன் கெட்டவர் இல்லை. ஆனால் துண்டை எடுத்து உதறி மறுபடி தோளில் போட்டுக்கொண்டார்.

"நம்ம பக்கம் எரிச்சுத்தானடா பழக்கம். பொதைக்கணும்னா ஊர்ல நாலு பேரு கேள்வி கேப்பாய்ங்க. வேணா வைகையில கரைச்சிருவமா?"

"ஆத்துல தண்ணி எங்கண்ணே இருக்கு?"

"அதுவுஞ் சரிதான்" என்றார். அதோடு பேச்சு நின்றது.

மறுநாள் எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. கிளம்ப இன்னும் நாள் இருந்தது, செய்ய வேலை இல்லை. லூர்து விட்டுப்போன ஒரு வேலையாவது முடியட்டும் என்று ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போய், 'வில்லேநட்டம்' என்று எழுதியிருந்த மாதிரியே படித்துக் காட்டினேன்.

ஆட்டோக்காரர் ஒரு தடவைதான் வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். "வில்வநத்தமாண்ணே? நாகமலைக்கு அந்தப் பக்கம். கீழக்குயில்குடி ரோட்ல போயிப் பிரியணும். உக்காருங்க."

இவ்வளவுதானா என்று இருந்தது. வருடக்கணக்கில் இரண்டு பேர் மேஜையில் உட்கார்ந்து குழம்பியது.

சமணமலையைத் தாண்டி வயல்களுக்கு நடுவே ஒரு மாதா கோவில், அதைச் சுற்றி வீடுகள். கோவில் வாசலில் ஒரு அக்காவிடம், "சவரிமுத்து வீடு எதுங்க?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் எண்பது வருடம் முன் செத்தவனை இப்படிக் கேட்டுவிட்டோமே என்று உறைத்தது.

"வாத்தியாரா? இந்தா, நீல கேட்டு" என்றார் அவர் சாவகாசமாக.

நீல கேட்டைத் திறந்தவருக்கு எழுபதுக்குப் பக்கம் இருக்கும். பள்ளியில் டிரில் வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்றவர், அந்த விறைப்பு இன்னும் முதுகில் இருந்தது. நான் வந்த காரியத்தைச் சொல்லத் தெரியாமல் சொல்லி, போனில் இருந்த சிப்பாயின் கல்லறைக் கல் படத்தை நீட்டினேன். கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு பார்த்தார். பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஆரோக்கியம், இங்க வா. நாஞ் செத்துப்போயிட்டேன்னு போட்டுருக்கு, பாரு."

சிப்பாய் சவரிமுத்து அவருடைய பெரியப்பா. அவன் செத்த பல வருடம் கழித்து, அவன் தம்பிக்குப் பிறந்த மூத்த பிள்ளைக்கு அதே பெயரை வைத்திருக்கிறார்கள். அவர் மனைவி ஆரோக்கியம் அக்கா வந்து படத்தைப் பார்த்துவிட்டுச் சிலுவைக்குறி போட்டுக்கொண்டார்.

"செத்துப்போனாருன்னு மட்டும் சேதி வந்துச்சு தம்பி" என்றார் வாத்தியார். "எங்க பொதச்சாங்க, பொதச்சாங்களா இல்ல ஆத்தோட போச்சா, ஒண்ணுந் தெரியாது. எங்கய்யா சாகுற வரைக்கும் அண்ணே தண்ணிக்குள்ள கெடக்குன்னுதான் சொல்லிக்கிட்டு இருந்தாரு. பாலம் போடப் போனவருல்ல."

என்னைக் கோவிலுக்குப் பின்னால் இருந்த கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். சுண்ணாம்பு அடித்த ஒரு கல்லறையைக் காட்டினார். அதில் சவரிமுத்துவின் பெயர் தமிழில் இருந்தது.

"உள்ள ஆளு கெடையாது. அவரோட சட்டை ஒண்ணு, வேட்டி ஒண்ணு. அத வச்சு மூடிட்டாங்க. கல்லறத் திருநாளுக்கு நாங்க இங்கதான் மெழுகுவத்தி ஏத்துவோம்."

"அங்க என் வீட்டுக்காரி ஏத்துனா" என்றேன்.

லூர்துவைப் பற்றி அப்போதுதான் சொன்னேன். பஸ்ஸுக்குக் காத்திருந்து பேசியது, சாமந்திக் கொத்து எல்லாம். அவர் கேட்டுக்கொண்டே வந்தார். "அந்தப் பிள்ளைய ஒரு தடவ கூட்டிட்டு வாங்க தம்பி" என்றார்.

அவள் இல்லை என்று சொன்னேன். மஞ்சள் காகிதத்தையும் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியாது. அண்ணனிடம் சொன்னபோது வராத அழுகை, பெயரைத் தவிர வேறெதுவும் தெரியாத இந்த மனிதர் முன்னால் வந்துவிட்டது.

அவர் என் தோளைத் தொடவில்லை, சமாதானம் சொல்லவில்லை. கல்லறையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். மேல்பலகையைக் கையால் தட்டிப் பார்த்தார்.

"எங்க பெரியப்பாவுக்கு அந்த ஊர்ல எடங் குடுத்துட்டாங்க. இது சும்மாதான கெடக்கு" என்றார். "கொண்டாங்க. ஃபாதர்கிட்ட நான் பேசுறேன்."

5

திரும்பி வந்து கயலிடம் சொன்னேன். கத்தப்போகிறாள் என்று நினைத்தேன். "யாரோட கல்லறை?" என்று மட்டும் கேட்டாள். பெயரைச் சொன்னதும், "அம்மாவோட சிப்பாயா?" என்றாள். சின்ன வயதில் லூர்து அவளையும் கூட்டிப்போவாள் என்பது எனக்கே மறந்திருந்தது.

வில்வநத்தத்து ஃபாதரின் சான்று வந்து, அதை இத்தாலி மொழியில் பெயர்த்து, பெயர்த்தது சரிதான் என்று இன்னொரு இடத்தில் சத்தியம் செய்து முடிக்க வசந்தம் வந்துவிட்டது. தோண்டும் நாளைச் சொன்னேன். கயல் வருவதாகச் சொல்லவில்லை. காலையில் நான் போனபோது மதிலோரம் நின்றிருந்தாள். முதல் ரயிலைப் பிடித்திருக்கிறாள்.

வேலையாட்கள் இருவரும் தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் ஆரம்பித்தார்கள். எதையும் விவரிக்க விரும்பவில்லை. பெட்டியை மூடி என்னிடம் நீட்டியபோது கயல் வாங்கிக்கொண்டாள்.

"இம்புட்டுத்தானா அப்பா?" என்றாள். 'இம்புட்டு' என்பது லூர்துவின் வார்த்தை. மகள் வாயில் அதை நான் வெகுகாலமாகக் கேட்டதில்லை.

என்னோடு வருவதாக அவளாகவே சொன்னாள். அவள் இத்தாலியக் குடிமகள் என்பதால் விசா வேண்டும். வருகையின் நோக்கம் என்ற கட்டத்தில் தாயை அடக்கம் செய்ய என்று ஒன்று இல்லை. 'சுற்றுலா' என்று குறித்தாள்.

வழி முழுக்கப் பெட்டி அவள் மடியில்தான் இருந்தது. மதுரை விமான நிலையத்தில் சுங்க அதிகாரி, "இது என்ன சார்?" என்றார்.

"என் வீட்டுக்காரி" என்றேன்.

காகிதங்களைப் பார்த்தார். அடுத்து நின்றவர்களை நிறுத்திவிட்டு, எழுந்து, எங்களுக்கு முன்னால் அவரே நடந்து வாசல்வரை வந்தார்.

6

வில்வநத்தத்தில் நாலைந்து பேர் இருப்பார்கள் என்று நினைத்துப் போனேன். ஊரே கோவில் முன்னால் நின்றது. லூர்துவை ஒருநாளும் பார்த்திராத பெண்கள் அந்தச் சின்னப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து ஜெபமாலை சொன்னார்கள். பிறகு அழுதார்கள். என் அண்ணனும் மதினியும் வந்திருந்தார்கள். அண்ணன் பின்வரிசையில், செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

கயல் வாத்தியாரைப் பார்த்து, "நீ எப்படி இருக்கே?" என்றாள். நான் பதறிப்போனேன். தமிழை அவள் தாயிடம் மட்டுமே படித்தவள். லூர்து என்னை 'நீங்க' என்பாள், மகளை 'நீ' என்பாள். அதனால் கயலுக்கு அப்பா ஒருவர்தான் 'நீங்க', உலகத்தில் மற்ற எல்லாரும் 'நீ'.

வாத்தியார் சிரித்துவிட்டார். "நான் நல்லாருக்கேன் ஆத்தா. நீ எப்படி இருக்க?"

கொத்தனார் மேல்பலகையை நெம்பித் திறந்தார். உள்ளே துணி என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. மண்ணில் இரண்டு சட்டைப் பொத்தான்கள் கிடந்தன. வாத்தியார் குனிந்து எடுத்து, உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, பழையபடி அங்கேயே வைத்தார். கயல் பெட்டியை அவற்றுக்குப் பக்கத்தில் இறக்கினாள். ஃபாதர் ஜெபம் சொன்னார். எல்லாரும் ஒவ்வொரு பிடி மண் போட்டோம். அண்ணனும் முன்னால் வந்து போட்டார்.

பிறகு பெயர் எழுதும் பேச்சு வந்தது. சவரிமுத்துவின் பெயருக்குக் கீழே லூர்துமேரி என்று கொத்தனார் பென்சிலால் குறித்தார்.

ஆரோக்கியம் அக்கா எட்டிப் பார்த்து, "ஏங்க, நாளப்பின்ன பாக்குறவுக இவுக ரெண்டு பேரையும் புருசன் பொஞ்சாதின்னுல்ல நெனப்பாக?" என்றார்.

ஒரு கணம் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் போன பிறகு நான் அப்படிச் சிரித்ததில்லை. கூட்டமே சிரித்தது. வாத்தியார் மட்டும் யோசித்துவிட்டு, "தங்கச்சின்னு போட்ருப்பா. எங்க பெரியப்பாவுக்குக் கூடப்பொறந்த பொண்ணு கெடையாது" என்றார். அப்படியே வெட்டினார்கள்: தங்கை லூர்துமேரி.

கயலுக்குத் தமிழ் படிக்க வராது. எழுத்து ஒவ்வொன்றாக நான் விரலால் தொட்டுச் சொன்னேன்.

கொத்தனார் உளியைத் துடைத்தபடி, "கீழ இன்னும் ஒரு பேரு நிக்கும் சார்" என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார். வாத்தியாரும் தலையாட்டினார். நான் அந்த இடத்தைப் பார்த்தேன். மனசுக்கு இதமாக இருந்தது. சுற்றிலும் சனம், வயல், மலை. பழக்கிடங்கிலிருந்து வீட்டுக்கு வந்து டிவியைப் போட்டுவிட்டு, சத்தத்துக்காக மட்டும் அதை ஓடவிட்டு உட்கார்ந்திருக்கும் என்னை நினைத்துக்கொண்டேன். கயல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாப்பாடு முடிந்து வேனில் ஏறினோம். திருப்பரங்குன்றம் நெருங்கும்வரை அவள் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள். அழுகிறாள் என்று நினைத்துச் சும்மா இருந்தேன்.

"அப்பா" என்றாள். "இனிமே அம்மாவப் பாக்க எனக்கு விசா வேணும்."

தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவளிடம் நீட்டினேன்.

"பரவால்ல. அம்மாவுக்கு இங்க நல்லாருக்கு. அத்தன பேரு." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "ஆனா நீங்க இங்க இல்ல. நீங்க அங்க. எனக்கு அங்க யாரு இருக்கா?"

"செத்த பெறகு எங்க இருந்தா என்னம்மா" என்றேன்.

"இல்ல." இத்தாலியக்காரி மாதிரி விரலை ஆட்டினாள். "பத்து வருசம். அங்க மண்ணுல, எங்கிட்ட இருங்க. மஞ்சப் பேப்பர் ஒட்டுவாங்கல்ல, அன்னிக்கு நான் வந்து எடுத்து, மடியில வச்சு, அம்மாகிட்ட கொண்டுவந்து விட்டுடறேன். வழி எனக்கு இப்பத் தெரியும்."

முன்சீட்டிலிருந்த அண்ணன் திரும்பிப் பார்க்கவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சரிம்மா" என்றேன்.